மாமி ஏறினால் கொதிக்கிற வண்டி

1. பாலத்து மேலிருந்து போன்

வெங்கட்ராமன் சாரின் போன் வந்தபோது நான் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். இரண்டு கையிலும் கிரீஸ். ஊர்ந்து வெளியே வந்து, தரையில் கிடந்த போனை மூக்கால் தொட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"தாமு, அடையார் பாலத்து மேல நிக்கறேன்டா. ஹீட் முள்ளு உச்சிக்குப் போயிடுத்து. முன்னாடி ஆவியா வரது. பின்னாடி பஸ்காரன் என் பரம்பரையையே விசாரிச்சிண்டு இருக்கான்."

"ஏசி போட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். வண்டி கொதிக்கிறது என்று யார் சொன்னாலும் இந்த ஊரில் எந்த மெக்கானிக்கும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

"இல்லையே. மாமி இருக்காளே, போட விடமாட்டாளே."

"ரொம்ப நல்லது சார். மாமியோட போறப்போ இனிமே ஏசியத் தொடவே தொடாதீங்க. பழைய வண்டி, லோடு தாங்காது."

ரொம்ப நல்லது என்று நான்தான் சொன்னேன். இதை எழுத உட்கார்ந்ததே அந்த இரண்டு வார்த்தையால்தான். மெக்கானிக் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படித்துவிட்டுச் சிரித்துக்கொள்ளலாம். நான் இன்னும் சிரிக்க ஆரம்பிக்கவில்லை.

வண்டி இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய சின்ன பெட்ரோல் கார். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புக்கில் போட்டிருக்கிறது. சார் ரிட்டயர் ஆனவர், மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் ஒரு ஃபிளாட். வாங்கிய நாளிலிருந்து இந்த வண்டி மந்தைவெளியில் என் ஷெட்டுக்குத்தான் வருகிறது.

ஜெயலட்சுமி மாமி அவர் மனைவி. மாமிக்கு வலது முட்டியை ஆபரேஷன் செய்து மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் அடையாறில் ஒரு பிசியோதெரபி சென்டருக்குப் போக வேண்டும். அங்கே காலைப் பிடித்து அழ அழ மடக்குவார்கள். இரண்டு மாதத்துக்குள் முட்டி தொண்ணூறு டிகிரி மடங்கியாக வேண்டும், விட்டால் இருக்கிற இடத்திலேயே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. ஆப்பில் கார் பிடித்தால், முன்சீட்டில் டிரைவரின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்திருக்கும். அதை எழுப்பச் சொன்னால் ட்ரிப் கேன்சல். சாரின் வண்டியில் முன்சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினால் மாமிக்கு அளவெடுத்தது போல் இருக்கும். ஆக, மாமியின் முட்டி அந்த வண்டியை நம்பி இருந்தது. வண்டி என்னை நம்பி இருந்தது.

2. பயப்படுகிறவன்

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவன். என்ஜின் பற்றிப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் பயப்படுவேன். வண்டியை டெலிவரி கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால், சோறு சாப்பிடும்போது வீல் நட்டை இறுக்கினோமா என்று தோன்றும். கஸ்டமருக்கு போன் செய்து, வண்டி எப்படி ஓடுகிறது என்று சும்மா விசாரிப்பது போல் விசாரிப்பேன். நன்றாக ஓடுகிறது என்பார்கள். அப்படியானால் ஒரு பக்கமாக இழுக்கவில்லையே என்று கேட்பேன். அவர்களுக்கும் பயம் வந்துவிடும். எனக்கு டென்ஷன் தாமு என்று பெயர் வைத்தது பக்கத்துக் கடை காதர் பாய். அவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வயர், பேட்டரி, லைட் எல்லாம் அவர். நட்டு, போல்ட், எண்ணெய் எல்லாம் நான். முப்பது வருஷமாக இந்த எல்லைக்கோட்டை நாங்கள் தாண்டியதில்லை. அதுவும் ஒரு தப்புத்தான், பிறகு தெரிந்தது.

ஹீட் ஆகிற வண்டி என்றால் எனக்கு இன்னும் பயம். எப்போதும் கொதிக்கிற வண்டி பரவாயில்லை, வந்து நின்ற உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் கொதித்து ஒன்பது நாள் சாதுவாக நிற்கிற வண்டிதான் ஆளைக் கொல்லும். ஒரு தடவை கூடுதலாகக் கொதித்தால் ஹெட், அதாவது என்ஜினின் மேல்மூடி, வளைந்துவிடும். ஹெட் வளைந்தால் என்ஜினை இறக்க வேண்டும். இந்த வயது வண்டிக்கு என்ஜினை இறக்குவதும் அதைக் காயலான் கடைக்கு அனுப்புவதும் ஒன்றுதான்.

3. சந்தேகப்பட்டியல்

முதலில் ரேடியேட்டர் மூடி. அழுத்தம் பிடிக்காத மூடி என்றால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். மாற்றினேன். அடுத்தது தெர்மோஸ்டாட், தண்ணீருக்கு வழிவிடுகிற வால்வு. அது சில சமயம் பாதி திறந்து பாதியில் சண்டித்தனம் செய்யும். அதையும் மாற்றினேன். பிறகு ஃபேன். ஃபேனை ஓட்டுவதற்காக ரேடியேட்டரில் மாட்டியிருக்கிற கனெக்டரைப் பிடுங்கி, அதில் இரண்டு முனையையும் ஒரு வயர் துண்டால் சேர்த்தேன். டைரக்ட் கொடுப்பது என்போம். ஃபேன் சர்ரென்று சுற்றியது. ஃபேன் ஓகே என்று ஜாப் கார்டில் எழுதினேன். அப்புறம் ஷெட்டிலேயே இருபது நிமிஷம் என்ஜினை ஓடவிட்டேன். சூடு ஏறியதும் ஃபேன் தானாக ஒரு தடவை ஓடி நின்றது. போதும் என்று விட்டுவிட்டேன்.

சார் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மாமியை ஏற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கத் தனியாக நாலு நாள் ஓட்டினார். தி.நகர், லஸ், பீச் ரோடு, எங்கேயும் முள் பாதியைத் தாண்டவில்லை. தனியாகப் போகும்போது ஏசி போட்டு வண்டியைப் படுத்துகிறாரா என்று போனில் கேட்டேன். தொடுவதே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

ஐந்தாம் நாள் மாமியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்டிருந்த பாதையில், கிரீன்வேஸ் ரோட்டில், தகரத் தடுப்புக்கு நடுவே வண்டி மறுபடி கொதித்து நின்றது. அந்தச் சூட்டில் மாமி காலை நீட்டியபடி நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். அப்போது சார் வாய் தவறி, "நீ ஏறினாத்தான்டி இது கொதிக்கறது" என்று சொல்லியிருக்கிறார். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்றார் என்னிடம். மாமி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து வண்டியில் ஏற மறுத்துவிட்டார். பிசியோதெரபியும் நின்றது. வீட்டுக்கு வந்து மடக்கிவிட ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். இரண்டு நாள் வந்து, மூன்றாம் நாள் அவளுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது.

4. மணல் மூட்டை

அந்த வாரம் முழுக்க வண்டி என் ஷெட்டில்தான் நின்றது. ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுக் குத்தி சுத்தம் செய்தேன். வாட்டர் பம்பை, எங்கள் பாஷையில் வாட்டர் பாடி, கழற்றிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, இருந்தாலும் மாற்றினேன். மாற்றுவதற்கு இனி என்ஜினும் நானும்தான் பாக்கி.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அதே வண்டி, அதே டிரைவர், அதே ரோடு. தனியாகப் போனால் கொதிக்கவில்லை. மாமி ஏறினால் கொதிக்கிறது. ஆக, வித்தியாசம் மாமிதான். மாமியிடம் என்ன இருக்கிறது? வெயிட் இருக்கிறது.

சாருக்கு போன் செய்து மாமியின் எடை என்ன என்று கேட்டேன். பாங்க் ஓடிபி சொல்வது போலக் குரலைத் தாழ்த்தி, "எழுபத்தெட்டு. நான் சொன்னதா இருக்கப்படாது" என்றார்.

பக்கத்தில் வீடு கட்டுகிற மேஸ்திரியிடம் மணல் கேட்டு வாங்கி, இரண்டு மூட்டை கட்டி, எழுபத்தெட்டு கிலோ நிறுத்து, முன்சீட்டில் ஏற்றி, சீட் பெல்ட்டும் மாட்டினேன். காதர் பாய் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா இது?"

"மாமி" என்றேன்.

"வெயிட்டாலயா ஹீட் ஆவும்? அப்ப ஊர்ல கீற லாரி எல்லாம் இந்நேரம் வெந்து பூட்டிருக்கணுமே."

எனக்கும் அது தெரியும். ஆனால் பயந்தவனுக்கு எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். மூட்டையோடு கிளம்பி, ஏசியை முழுசாக வைத்தேன். லோடு டெஸ்ட் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். ஏசி போட்டு ஓடினால் என்ஜினுக்குப் பாரம் அதிகம்; அதிலேயே தாங்கிவிட்டால் ஏசி இல்லாமல் தாங்காதா என்ன? பெசன்ட் நகர், ஊரூர் குப்பம் முனை, அங்கிருந்து திரும்பி மறுபடி அடையாறு சிக்னல். இரண்டு ரவுண்டு. சிக்னலில் ஒரு போலீஸ்காரர் பெல்ட் போட்ட மூட்டையையும் பெல்ட் போடாத என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முள் பாதியை விட்டு ஒரு நூல் அசையவில்லை.

திரும்பி வந்து பாயிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். அப்படியானால் கேஸ் மாமி மேல்தான் நிற்கிறது என்றார். எங்கள் தெருப் பள்ளிவாசல் ஹஜரத்திடம் ஒரு தாயத்து வாங்கித் தருகிறேன், மாமி கையில் கட்டாதே, ரேடியேட்டரில் கட்டு என்றார். நான் சிரித்தேன். ஆனால் அன்று சாயந்தரம் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி, நாலு டயருக்கும் அடியில் வைத்து வண்டியை ஏற்றி நசுக்கினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பாய் தன் கடையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

5. மாமியிடம் விண்ணப்பம்

மாமி வீட்டில் உட்கார்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு ஸ்டூலில் நீட்டியிருந்தார். முட்டி அறுபத்தைந்து டிகிரிக்கு மேல் போகவில்லையாம். டாக்டர் போனில் சத்தம் போட்டாராம். இப்படியே போனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டியிருக்கும் என்றாராம்.

ஒரே ஒரு தடவை வண்டியில் ஏறி உட்காருங்கள், நானே ஓட்டுகிறேன் என்று கேட்டேன்.

"நான் ஏறினா கொதிக்கறது. இறங்கினா அடங்கிடறது. அப்புறம் நான் எதுக்கு ஏறணும்?"

"கொதிக்கிற நேரத்துல நான் பக்கத்துல இருக்கணும் மாமி. நீங்க ஏறினாத்தான் அது கொதிக்கும், எனக்குப் புரியும்."

"எனக்குப் பதிலா மணல் மூட்டை வெச்சுப் பார்த்தியாமே."

நான் சாரைப் பார்த்தேன். சார் ஜன்னலைப் பார்த்தார்.

"எத்தனை கிலோ வெச்சே?"

"எழுபத்தெட்டு மாமி."

மாமி மெதுவாகத் தலையைத் திருப்பி சாரைப் பார்த்தார். "எழுபத்தஞ்சு" என்றார். பிறகு என்னிடம், செருப்பை எடுத்து வைக்கச் சொன்னார். மூன்று கிலோ கோபம் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது.

6. கிரீன்வேஸ் ரோடு

நான் ஓட்டினேன். மாமி முன்னால், சார் பின்னால். லோடு டெஸ்ட் பழக்கத்தில் ஏசி போட்டுத்தான் கிளம்பினேன். மந்தைவெளி தாண்டி ஆர்.ஏ.புரம் வரை முள் பாதியில் நின்றது.

"அதை அணைப்பா. முட்டிக்குள்ள வெச்சிருக்கற இரும்பு ஜில்லுனு ஆயிடறது" என்றார் மாமி. அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன்.

கிரீன்வேஸ் ரோட்டில் மெட்ரோ தகரத்துக்குப் பக்கத்தில் வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. ஐந்து நிமிஷம் போயிருக்கும். முள் பாதியைத் தாண்டியது. முக்காலுக்குப் போனது. மாமி அதைப் பார்த்துவிட்டார். புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, ஹெட் வளைந்தால் வளையட்டும் என்று எனக்குத் தோன்றியது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்ஜினைப் பற்றிப் பயப்படாமல் ஒரு ஆளைப் பற்றிப் பயந்தேன்.

இடது பக்கம் ஒதுக்கி, என்ஜினை நிறுத்தாமல் பானெட்டைத் தூக்கினேன். தண்ணீர் போகிற ஓஸ் பைப்பில் கை வைக்க முடியாத சூடு. ரேடியேட்டர் ஃபேன், அதற்குப் பக்கத்தில் ஏசி ஃபேன், இரண்டும் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி அசையாமல் நின்றன.

அப்போதுதான் மண்டையில் தட்டியது. இந்த வண்டியில் ஃபேன் சுற்றுவதற்கு இரண்டு காரணம் உண்டு. தண்ணீர் சூடானால், ரேடியேட்டரில் இருக்கிற ஒரு சின்ன ஸ்விட்ச் ஃபேனை ஓட்டும். ஏசி போட்டால், சூடு இருக்கிறதோ இல்லையோ, அந்த ஸ்விட்சைக் கேட்காமலே இரண்டு ஃபேனும் ஓடும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முப்பது வருஷமாகத் தெரியும். நான் டைரக்ட் கொடுத்தபோது ஃபேன் மோட்டாரைச் சோதித்தேன், வயரைச் சோதித்தேன், ஸ்விட்சை மட்டும் தாண்டிப் போய்விட்டேன். ஸ்விட்ச் எலக்ட்ரிக்கல், அது பாயுடைய எல்லை. லோடு டெஸ்டிலும் ஏசி போட்டு ஸ்விட்சுக்கு லீவு கொடுத்துவிட்டேன்.

"சார், எட்டி ஏசியப் போடுங்க."

"இந்தக் கொதியிலயா? நீதானேடா போடாதேன்னே."

"போடுங்க சார்."

பின்சீட்டிலிருந்து கையை நீட்டிப் போட்டார். இரண்டு ஃபேனும் ஒன்றாகக் கிளம்பின. நாலைந்து நிமிஷத்தில் முள் பாதிக்கு இறங்கியது.

நான் ஜன்னல் பக்கம் வந்து, தனியாகப் போகும்போது ஏசி தொடுவதே இல்லை என்று சொன்னீர்களே சார் என்று கேட்டேன். அவர் எதிரே போகிற தண்ணீர் லாரியை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். பதில் மாமியிடமிருந்து வந்தது.

"போடாம என்ன? கண்ணாடியை ஏத்திண்டு, ஏசியைப் போட்டுண்டு, பாட்டு கேக்கறதுக்குத்தானே அவர் தனியா போறதே."

இந்த இடத்தில் எனக்கு ஒரு வசதியான வழி இருந்தது. பொய் சொன்னது சார். பழியை அவர் தலையில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கலாம். பாய்கூடப் பிறகு அதைத்தான் சொன்னார். ஆனால் மாமி என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ என் ராசி இல்லையா?"

"இல்ல மாமி. ஸ்விட்ச் கெட்டுப்போச்சு. ஏசி போட்டிருந்தா வண்டி ஓடியிருக்கும். போடாதீங்கன்னு சொன்னது நான்தான். ரெண்டாவது தடவை கொதிச்சது என்னாலதான்."

மாமி மடியில் பிடித்திருந்த தலைப்பை விட்டார்.

"என் ஜாதகத்தை நாலு பேர் பார்த்தாச்சு" என்றார். "வண்டியை ஒருத்தனும் பார்க்கலை."

ஏசியை நிறுத்தாமல், மாமி பக்கத்துக் காற்றுத் துளைகளை மட்டும் மூடி, என் தோள் துண்டை முட்டி மேல் போட்டு, அடையாறுக்கு ஓட்டினேன். பாலத்தைத் தாண்டும்போது மூன்று பேரும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு போனோம்.

சென்டர் வாசலில் நான் நின்றேன். உள்ளே மாமி கத்துகிற சத்தம் கேட்டது. இரண்டு வாரம் மடங்காமல் கிடந்த கால். சார் கேட்க முடியாமல் தெருமுனை வரை போய்விட்டார். நான் போகவில்லை. என் யோசனையின் சத்தம் அது, கேட்க வேண்டியவன் நான்.

7. டீக்கடை சோதனை

ஸ்விட்சைக் கழற்றினேன். கட்டைவிரல் அளவு பித்தளை. பாய் அதில் ஒரு பல்பை மாட்டி, டீக்கடையில் கெஞ்சி வாங்கிய கொதிதண்ணீரில் முக்கினார். ஐந்து தடவை முக்கியதில் இரண்டு தடவை பல்பு எரிந்தது. மூன்று தடவை எரியவில்லை. ஷெட்டில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபேன் ஓடியதும் அந்த மாதிரி எரிந்த ஒரு தடவைதான்.

"ஐஞ்சுல ரெண்டுதான் வேலை செய்து நைனா. நீ எலுமிச்சம்பழத்தோட நிறுத்தாம தேங்காயும் உடைச்சிருந்தா மூணு ஆயிருக்கும்" என்றார் பாய். டீ மாஸ்டர் அந்தப் பாத்திரத்தை இரண்டு தடவை கழுவினார்.

இப்போது வண்டி கொதிக்கிறது என்று யாராவது போன் செய்தால் நான் ஏசியை ஆஃப் பண்ணச் சொல்வதற்கு முன்னால் வேறு கேள்விகள் கேட்கிறேன். ஓரமாக நிறுத்துங்கள், மூடியைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, வண்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள், கொதிப்பதற்கு முன் யார் எதைத் தொட்டார்கள், நேற்று ஒழுங்காக ஓடியபோது உள்ளே என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஒருவர், நீ மெக்கானிக்கா, சி.ஐ.டி.யா என்றார். டைரக்ட் கொடுத்துப் பார்த்தால், எதையெல்லாம் தாண்டி வந்தேன் என்றும் ஜாப் கார்டில் எழுதுகிறேன். ரோடு டெஸ்ட் ஏசி போட்டு ஒன்று, போடாமல் ஒன்று. எந்த வயரும் இப்போது பாயின் எல்லை மட்டும் இல்லை.

வண்டி அதற்குப் பிறகு கொதிக்கவே இல்லை. முட்டி விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மாமி ஒரு நாள் விடாமல் போனார். மயக்க மருந்து கொடுத்து மடக்குகிற அளவுக்குப் போகவில்லை, அதுவரைக்கும் லாபம். எண்பத்திரண்டு டிகிரியில் நின்றுவிட்டது. மீதி எட்டு வரவில்லை. நடக்கிறார், மாடிப்படி ஏறுகிறார். வண்டியில் ஏறும்போது மட்டும் வலது காலைக் கையால் பிடித்து உள்ளே தூக்கி வைக்கிறார்.

சர்வீசுக்கு வண்டி வந்தபோது மாமியும் கூட வந்திருந்தார். திரும்பிக் கிளம்பும்போது அவர் காலைத் தூக்கி வைப்பதைப் பார்க்க முடியாமல் ஓடிப்போய்க் கதவைப் பிடித்தேன். அந்த எட்டு டிகிரி என் கணக்கு மாமி என்று ஆரம்பித்தேன். இதோடு பத்துப் பதினைந்து தடவை சொல்லியிருப்பேன்.

"போறும்டா" என்றார் மாமி. "முட்டி என்னோடது. நீ எதுக்கு நொண்டறே?"